கூடங்குளம் மின்சாரம்: விலைக் கணக்கைக் காட்டுங்கள்

அணுசக்தித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 டிசம்பரில் அணுசக்திக்கான புதிய சட்டமான சாந்தி சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1962-ம் ஆண்டு அணுசக்திச் சட்டம், 2010-ம் ஆண்டு அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் இரண்டும் ஒரே வீச்சில் போயின. தனியாரும் அணுமின் நிலையம் நடத்தலாம் என்றாகிவிட்டது. அறுபது ஆண்டுப் பழைய சட்டத்தை எடுத்து எழுதும்போது எங்கள் குறை ஒன்றையும் தீர்த்துவைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அணுமின்சாரத்தின் விலை எப்படி வருகிறது என்பதை, அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் பார்க்க முடிய வேண்டும். எங்கள் குறை இவ்வளவுதான். அது தீரவில்லை. கூடங்குளத்தில் மூன்றாவது உலை ஓட வேண்டிய காலம் நெருங்குகிறது. அதற்கும் ஒரு விலை வைக்கப்போகிறீர்கள். அதற்கு முன் இதைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு பஞ்சாயத்து. இங்கே அதை எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் உலையின் மின்சாரத்தைத் தமிழ்நாடு வாங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கிய பொருளுக்குப் பில் கேட்கிறோம்.

சட்ட நிலவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1962-ம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 22-வது பிரிவு, அணுமின் விலையை மத்திய அரசே மத்திய மின்சார ஆணையத்தைக் கலந்துகொண்டு வைக்கலாம் என்றது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டமோ தன் 173-வது பிரிவில், அணுசக்திச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் தான் ஒதுங்கிக்கொள்வதாக எழுதிவைத்தது. ஆக, நாட்டில் நிலக்கரி, நீர், காற்று, சூரியன் என்று எதில் மின்சாரம் எடுத்தாலும் ஒழுங்குமுறை ஆணையம் என்ற ஒரு வாசற்படியைத் தாண்ட வேண்டும். அணுமின்சாரத்துக்கு மட்டும் அந்த வாசற்படி கிடையாது. விலையை வைப்பவரும் நீங்கள். விற்கும் நிறுவனமும் உங்கள் துறையின் கீழ். புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு அசையவில்லை.

இதனால் வரும் கஷ்டம் எது என்று கேட்டால், மின் கட்டண மனுவைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுக்கும் மனுவில் மின் கொள்முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கும். நெய்வேலி, வல்லூர் போன்ற அனல் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் தனி, எரிபொருள் கட்டணம் தனி. அந்தத் தொகை அதிகம் என்று தோன்றினால் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் அந்த நிலையத்தின் மனுவைத் தேடி எடுக்கலாம். திட்டச் செலவில் கடன் எவ்வளவு, பங்கு மூலதனம் எவ்வளவு. கட்டும் காலத்து வட்டி எவ்வளவு. நிலக்கரியின் வெப்பத்திறன் என்ன. ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோகலோரி எரிகிறது. ஆலை தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது. பற்றவைக்கும் எண்ணெய் எத்தனை மில்லிலிட்டர். எல்லாம் படிவம் படிவமாக இருக்கும். ஆட்சேபம் எழுதலாம். கட்டுமானத் தாமதத்துக்கு நிறுவனமே காரணம் என்றால் அந்தக் காலத்து வட்டியை ஆணையம் வெட்டிவிடும். பலமுறை வெட்டியும் இருக்கிறது.

அதே அட்டவணையில் கூடங்குளத்துக்கு வந்தால் ஒரே ஒரு வரி. இத்தனை மில்லியன் யூனிட், யூனிட்டுக்கு இத்தனை ரூபாய், மொத்தம் இத்தனை கோடி. விலை நாலு ரூபாயை ஒட்டி இருக்கிறது. அந்த நாலு ரூபாய்க்குள் வட்டி எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று மாநில ஆணையத்தைக் கேட்டுப் பயனில்லை, அது அவர்கள் அதிகாரத்தில் இல்லை. மத்திய ஆணையத்தைக் கேட்டாலும் அதே கதைதான். பகிர்மானக் கழகத்துக்கோ, வந்த பில்லுக்குப் பணம் கட்டுவதோடு சரி. 2022 செப்டம்பர் உயர்வுக்குப் பிறகு தமிழ்நாட்டில் மின் கட்டணம் 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024-ல் 4.83, 2025-ல் 3.16 என்று ஏறியிருக்கிறது. ஒவ்வொரு பைசாவுக்கும் மாநில ஆணையத்தின் முன் வாதம் நடக்கும் ஊரில், இரண்டு உலைகளிலிருந்தும் சேர்த்து 1,125 மெகாவாட் பங்குக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று எங்களால் ஊகிக்கத்தான் முடிகிறது. ஊகிப்பதற்கான காரணங்களையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

முதல் இரண்டு உலைகளுக்கு 2001-ல் போட்ட மதிப்பீடு 13,171 கோடி ரூபாய். அது 17,270 கோடியாகி, கடைசியில் 22,462 கோடியில் வந்து நின்றது. முதல் உலைக்கு 2002 மார்ச்சில் கான்கிரீட் போட்டார்கள். 2007 டிசம்பரில் ஓட வேண்டியது. வணிக உற்பத்தி தொடங்கிய நாள் 2014 டிசம்பர் 31. ஏழு ஆண்டுத் தாமதம். கேட்டால் இடிந்தகரைப் போராட்டம் என்று பதில் வரும். அந்தப் போராட்டம் பெரிதாக வெடித்தது 2011 ஆகஸ்ட், செப்டம்பரில். அதற்குள்ளாகவே உலை ஏறக்குறைய நாலு ஆண்டு பிந்திவிட்டது. ரஷ்யாவிலிருந்து சாமான்கள் வரவேண்டிய வரிசையில் வராமல், முதலில் வேண்டியது கடைசியிலும் கடைசியில் வேண்டியது முதலிலும் வந்ததுதான் அந்த ஆரம்பத் தாமதத்துக்குக் காரணம் என்பது உங்கள் துறையின் பதில்களிலேயே இருக்கிறது. அப்படியானால் பிந்திய அந்த ஆண்டுகளுக்கு ரஷ்யத் தரப்பு தண்டம் கட்டியதா? கட்டியிருந்தால் அது திட்டச் செலவிலிருந்து கழிக்கப்பட்டதா? கட்டவில்லையென்றால் அந்த வட்டியைக் கட்டுகிறவர் யார்? பதில் அந்த ஒரு வரிக்குள் புதைந்து கிடக்கிறது.

வட்டி என்பது அணுமின் நிலையத்தில் சாதாரண விஷயமல்ல. அனல் நிலையத்தில் பெருஞ்செலவு நிலக்கரி. இங்கே எரிபொருள் சிறிசு, மூலதனம் பெரிசு. அதனால் தாமதம்தான் விலையைத் தூக்கும். கடன் வாங்கி வீடு கட்டுகிற எவருக்கும் இது புரியும்: குடிபோகாமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாவது, ஆறாவது உலைகளுக்கு அனுமதித்த தொகை 49,621 கோடி. ஓர் உலைக்கு ஏறக்குறைய 24,800 கோடி. எழுபது சதவீதம் கடன் என்று கொண்டால் 17,000 கோடிக்குமேல். வேலை முடியும் தறுவாயில் 15,000 கோடி கடன் எடுத்தாகிவிட்டது, சராசரி வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் ஆண்டு பிந்தினால் 1,200 கோடி வட்டி திட்டச் செலவில் ஏறும். ஏறிய அந்தத் தொகைக்குத் தேய்மானம், வட்டி, பங்கு மூலதன வருவாய் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 144 கோடி. 1,000 மெகாவாட் உலை 80 சதவீதம் ஓடி, சொந்தப் பயன்பாடு போக 640 கோடி யூனிட் விற்கிறது என்றால், யூனிட்டுக்கு 22 பைசாவுக்குக் கொஞ்சம் அதிகம். தமிழ்நாடு இப்போது வாங்கும் பங்கையே அதிலும் வாங்கினால் ஆண்டுக்கு 80 கோடி ரூபாய். ஓர் உலை, ஓர் ஆண்டுத் தாமதம், அதற்கு இது. ரஷ்யக் கடனுக்கு வட்டி குறைவு என்று சொல்வீர்கள். சரி. முதல் இரண்டு உலைகளுக்கு 4 சதவீத வட்டியில் வாங்கினீர்கள். ஆனால் டாலர் கணக்கில் வாங்கிய கடன் அது. ஒப்பந்தம் புதுப்பித்த 1998-ல் டாலர் 42 ரூபாய்ப் பக்கம் இருந்தது. உலை ஓடத் தொடங்கியபோது 60-ஐத் தாண்டிவிட்டது. வட்டியில் மிச்சப்பட்டது மாற்று விகிதத்தில் எவ்வளவு போயிற்று? அதுவும் தெரியாது.

எங்கள் 8 சதவீதம், 12 சதவீதம் தப்பாக இருக்கலாம். தப்பென்றால் சரியான எண்ணைப் போடுங்கள். அதைத்தானே கேட்கிறோம்.

அடுத்தது, எந்த உற்பத்தியை வைத்து விலையை வகுத்தீர்கள் என்பது. அனல் நிலையங்களைப் போல நிலைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் என்று இரண்டாகப் பிரிக்காமல் அணுமின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை. இதில் வாங்குகிறவருக்கு ஒரு நன்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை: உலை நின்றால் நிலைக் கட்டணம் கட்ட வேண்டாம். ஆனால் ஒரே விலை என்றாகும்போது வகுக்கும் எண் முக்கியமாகிவிடுகிறது. 1,000 மெகாவாட் உலையின் ஆண்டு நிலைச் செலவு 2,000 கோடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முழுத் திறனில் 68.5 சதவீத உற்பத்திக்கு வகுத்தால் 600 கோடி யூனிட், ஒரு யூனிட்டுக்கு 3 ரூபாய் 33 பைசா. 85 சதவீதத்துக்கு வகுத்தால் 744 கோடி யூனிட், 2 ரூபாய் 69 பைசா. இடையில் 64 பைசா! குறைந்த விகிதத்தில் வகுத்துவிட்டு உலையை நிறைய ஓட்டினால், மேலே வருகிற ஒவ்வொரு யூனிட்டிலும் ஏற்கெனவே வசூலான நிலைச் செலவை மறுபடியும் வசூலிக்கலாம். நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. செய்யவில்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

உலை நிற்கும்போது நடப்பதையும் பார்த்துவிடுவோம். முதல் உலை 2015 ஜூன் 24-ல் முதல் எரிபொருள் மாற்றத்துக்காக நின்றது. 60 நாளில் முடிய வேண்டிய வேலை 222 நாள் இழுத்தது. அதனால் 948 கோடி ரூபாய் வருவாய் போயிற்று என்று நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) 2017 அறிக்கையில் எழுதியிருக்கிறார். அது விற்கிறவருக்கு வந்த நட்டம். வாங்குகிறவரின் நட்டத்தை யாரும் எழுதவில்லை. ஓர் உலையில் தமிழ்நாட்டுப் பங்கு 562.5 மெகாவாட். மாலை ஆறு முதல் பத்து வரை அது இல்லையென்றால் 22.5 லட்சம் யூனிட் வேறெங்காவது வாங்க வேண்டும். மின் சந்தையில் அந்த நேரத்தில் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டால், நாலு மணி நேரத்துக்கு 2.25 கோடி. கூடங்குளம் விலையில் அது 90 லட்சம். வித்தியாசம் எங்கள் கட்டணத்தில் ஏறும்.

இங்கே ஒரு சின்ன யோசனை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த மாதங்களில் மாநிலத்தில் மின்சாரம் மிஞ்சும். அணு உலையை ஏற்றி இறக்கக் கூடாது என்பதால் காற்றாலையை நிறுத்தச் சொல்லும் நாட்களும் உண்டு. எரிபொருள் மாற்றத்தை அந்த மாதங்களில் வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. எரிபொருளைப் புதிய வகைக்கு மாற்றி 18 மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் போதும் என்று ஆக்கிவிட்டதால், ஒருமுறை ஆடியில் வந்தால் அடுத்தமுறை தையில் வரும். இரண்டு உலைகளையும் பார்த்து முறை வைத்தால் கோடையைத் தவிர்க்கலாம். பராமரிப்பு அட்டவணையை மின் பகிர்மானக் கழகத்தோடு உட்கார்ந்து முடிவு செய்வதில் என்ன ரகசியம் இருக்கிறது?

ரகசியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உலையைக் கழற்றி மூடும் செலவுக்கென்று யூனிட்டுக்கு 2 பைசா பிடிக்கிறீர்கள். 1,000 மெகாவாட் உலை 80 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு 14 கோடி. நாற்பது ஆண்டில், வட்டி சேர்க்காமல் 560 கோடி. கட்டுவதற்கு 11,000 கோடி ஆன உலையைக் கதிர்வீச்சோடு கழற்றிப் போட 560 கோடியும் அதன் வட்டியும் போதும் என்று எந்தக் கணக்கு சொல்கிறது? 2 பைசா பல்லாண்டுகளாக அதே 2 பைசாவாக நிற்கிறது. மின் கட்டணத்தில் இத்தனை ஆண்டும் ஏறாமல் இருக்கும் ஒரே பைசா இதுதான். நுகர்வோர் என்ற முறையில் நன்றி சொல்ல வேண்டும். பற்றாக்குறையை எங்கள் பேரப்பிள்ளைகளிடம் வசூலிக்கப் போகிறீர்களோ என்ற பயம்தான் நன்றியைத் தடுக்கிறது.

எரிந்த எரிபொருளின் கதையும் இப்படித்தான். உலைக் கட்டடத்துக்குள் இருக்கும் குளத்தில் ஏழு ஆண்டு எரிபொருளைத்தான் வைக்க முடியும். உலைக்கு வெளியே சேமிப்பு வசதி ஐந்து ஆண்டில் வரும் என்பது 2013-ல் உச்ச நீதிமன்ற வழக்கில் பேசப்பட்டது. 2018-ல் அந்தக் கெடு 2022 வரை நீண்டது. 2019 ஜூலை 10-ல் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள், பிறகு தள்ளிவைத்தார்கள். அந்த வசதியின் செலவு எங்கள் யூனிட் விலையில் ஏறுமா, அரசின் தலையில் விழுமா? விபத்து நடந்தால் பழுதான சாமான் கொடுத்தவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை 2010-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவில் இருந்தது. அதையும் புதிய சட்டம் எடுத்துவிட்டது. விற்கிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. வாங்குகிறவருக்கு அட்டவணையில் ஒரு வரி.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. விலைக் கணக்குக்கே வருகிறேன்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நாங்கள் நினைக்கவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டில் மூன்றாவது, நாலாவது உலைகள் 2016, 2017-ல் ஓட வேண்டியவை. 2023 ஜூலையிலும் 2024 ஏப்ரலிலும்தான் ஓடின. செலவு இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. நடுவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இந்த விஷயத்தில் கூடங்குளம் தேவலை என்று நீங்கள் மார்தட்டலாம், நாங்கள் மறுக்கமாட்டோம். ஆனால் அங்கே மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் ஆறு மாதத்துக்கொருமுறை கட்டுமானச் செலவு அறிக்கை வந்தது. ஆணையத்தின் வல்லுநர்கள் அதைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். கடைசியில் ஜார்ஜியா பவர் நிறுவனத்தின் ஏறக்குறைய 1,020 கோடி டாலர் செலவில் 756 கோடி டாலரைத்தான் கட்டணத்தில் ஏற்றலாம் என்று ஆணையம் 2023 டிசம்பரில் ஒப்பியது. பிரிட்டனில் ஹிங்க்லி பாயின்ட் சி நிலையத்துக்கு 2012 விலைவாசியில் மெகாவாட் மணிக்கு 92.50 பவுண்டு, 35 ஆண்டு என்று போட்ட ஒப்பந்தத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். விலை அதிகம் என்று அந்த நாட்டுத் தணிக்கைத் துறையே எழுதியது. செலவு ஏறினால் நிலையத்தைக் கட்டும் நிறுவனத்தின் தலையில் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது.

யுரேனியத்தின் செறிவு விகிதம், உலையின் வரைபடம், காவல் ஏற்பாடு எதையும் நாங்கள் கேட்கவில்லை. வட்டிக் கணக்கைக் கேட்கிறோம். வட்டிக் கணக்கை வைத்து யாரும் குண்டு செய்ய முடியாது.

இதை இப்போது கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 முடிவில் நாட்டில் இருந்த அணுமின் திறன் 9,000 மெகாவாட்டுக்குள். 2047-ல் 1 லட்சம் மெகாவாட் என்பது அரசின் இலக்கு. தனியாரும் வருகிறார்கள். இன்றைக்கு நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மூடிவைக்கும் கணக்கை நாளைக்கு வணிக ரகசியம் என்று சொல்லி மூடிவைப்பார்கள். அப்போது கேட்டால் உங்களுக்கே பதில் கிடைக்காது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கலன்களை ஏற்றிவந்த மிதவைக் கப்பல் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் பாறையில் தட்டி நின்றதே, அதனால் ஆன செலவையும் பிந்திய நாட்களையும் காப்பீடு ஏற்றதா, திட்டம் ஏற்றதா? அரசு நிறுவனமாக இருக்கும்போதே இதற்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே தயவுசெய்து, மூன்றாவது உலை வணிக உற்பத்தியைத் தொடங்கும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு உலைகளின் விலைக் கணக்கை வெளியிடுங்கள். வணிக உற்பத்தி தொடங்கிய நாளில் திட்டச் செலவு எவ்வளவு. அதில் கட்டுமானம், கட்டும் காலத்து வட்டி, டாலர் மாற்று விகித வித்தியாசம், மேற்செலவு எவ்வளவு எவ்வளவு. தாமதத்துக்காக வழங்குநரிடம் வசூலித்தது எவ்வளவு. கடன், பங்கு மூலதனம் என்ன விகிதம், மூலதனத்துக்கு எத்தனை சதவீத வருவாய். எந்த உற்பத்தி விகிதத்தில் வகுத்தீர்கள். யூனிட்டுக்கு எரிபொருள், பராமரிப்பு, கழற்றும் செலவு, எரிந்த எரிபொருள் சேமிப்பு எத்தனை பைசா. மூன்றாவது, நாலாவது உலைகளுக்கு விலை வைக்கும்போது இதே படிவத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்து, ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுங்கள். விலையை நீங்களே வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வைப்பதற்கு முன் கேட்கக் கூடாது என்று அது சொல்லவில்லை.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. வெளியிடும்போது தாளை ஸ்கேன் செய்த படமாகப் போடாமல், கூட்டிக் கழித்துப் பார்க்கும்படி எக்செல் கோப்பாகப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மின் கட்டணம் கட்டும் தமிழ்நாட்டு நுகர்வோர் சிலர்

நகல்: மத்திய மின்சார ஆணையம், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்